குழந்தையோடு தங்குவதற்கு அறை பார்த்தல்

மகளுக்குப் பத்து மாதம் நிரம்பியிருந்தபோதுதான் முதன்முறையாக அவளைத் தூக்கிக்கொண்டு வெளியூர் போய் விடுதியில் தங்கினோம். அதுவரை விடுதி பார்ப்பது எனக்கும் கணவருக்கும் அரை மணி நேர வேலையாக இருந்தது. படங்களைப் பார்ப்போம், வாடகையைப் பார்ப்போம், போக வேண்டிய இடத்துக்கு எவ்வளவு தூரம் என்று பார்ப்போம், பதிவு செய்துவிடுவோம். அந்த முறையும் அப்படியே செய்தோம். முன்பதிவுப் படிவத்தில் ‘குழந்தைத் தொட்டில் தேவை’ என்றொரு கட்டம் இருந்தது. அதில் குறியிட்டதோடு தொட்டில் கிடைத்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டோம். இரவு பதினொரு மணிக்கு, தோளில் தூங்கும் பிள்ளையோடு வரவேற்பு மேசையின் முன்னால் நின்றபோது, விடுதியில் மொத்தமே இரண்டு தொட்டில்கள்தாம் என்றும், இரண்டும் மாலையிலேயே வேறு அறைகளுக்குப் போய்விட்டன என்றும் சொன்னார்கள். படிவத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்தக் கட்டம் ‘சிறப்பு வேண்டுகோள்கள்’ என்ற தலைப்பின் கீழ் இருந்தது. வேண்டுகோள்கள் அன்றைய வசதியைப் பொறுத்தே நிறைவேற்றப்படும் என்று அதன் அடியில் ஒரு வரியும் இருந்தது.

அன்றிரவு அவளைப் பெரிய கட்டிலில் கிடத்திவிட்டு நாங்கள் இருவரும் முறை வைத்து விழித்திருந்தோம். கையை ஊன்றினால் மணிக்கட்டு வரை அமிழும் மெத்தை அது. பெரியவர்களுக்கு அது சுகம். கைக்குழந்தைக்கு அப்படிப்பட்ட மெத்தையும், தலையணையும், கனத்த போர்வையும் ஆபத்து. முகம் புதைந்துவிட்டால் தலையைத் திருப்பி மூச்சு வாங்கும் வலு எல்லாப் பிள்ளைகளுக்கும் இருப்பதில்லை. ஒரு வயது ஆகும் வரை குழந்தைக்கெனத் தனிப் படுக்கை இருக்க வேண்டும், அது அழுத்தினால் அமிழாத சமதளமாக இருக்க வேண்டும், குறைந்தது முதல் ஆறு மாதமாவது பெற்றோர் படுக்கும் அறையிலேயே இருக்க வேண்டும் என்பதைத்தான் குழந்தை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். சோபாவில் பிள்ளையை அணைத்தபடி நாம் கண் அயர்வது கட்டிலைவிட மோசமானது. முதுகுப் பக்கத்துக்கும் இருக்கைக்கும் நடுவே பிள்ளை சிக்கிக்கொள்ளும். இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தே இருந்தது. வீட்டில் அதற்கேற்ற ஏற்பாடும் இருந்தது. வெளியூரில் அதே ஏற்பாடு இருக்கிறதா என்று ஒரு தொலைபேசி அழைப்பில் உறுதி செய்துகொள்ளாததுதான் பிழை.

அதன் பிறகு இந்த ஏழு ஆண்டுகளில் ஏறத்தாழ முப்பது அறைகளில் அவளோடு தங்கியிருக்கிறோம். விடுதி எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும், பிள்ளையோடு நாம் குளிப்பதும், ஊட்டுவதும், தூங்க வைப்பதும், அழுகையை அடக்குவதும் நான்கு சுவருக்குள்தான். முகப்புக் கூடத்தின் அழகும் நட்சத்திர எண்ணிக்கையும் அங்கே உதவிக்கு வருவதில்லை. ஆகையால் இப்போதெல்லாம் விடுதிகளில் இரண்டு மூன்றைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அழைத்து, எங்களுக்குத் தரப்போகும் அறையைப் பற்றிக் கேட்ட பிறகே பணம் கட்டுகிறேன். பதில் சொல்பவருக்கு அறையைப் பற்றித் தெரிகிறதா, தெரியாவிட்டால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறாரா, இல்லை எல்லாவற்றுக்கும் ‘ஆமாம், இருக்கிறது’ என்று முடிக்கிறாரா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடுகிறது.

தொட்டிலைப் பற்றிக் கேட்கும்போது ‘இருக்கிறதா’ என்று கேட்பதைவிட ‘எப்படிப்பட்டது’ என்று கேட்பதே பயன் தரும். மரத்தாலானதா, மடக்கும் பயணத் தொட்டிலா, அதற்கான மெத்தை அதனோடு வந்ததா என்று விசாரிக்கிறேன். மடக்குத் தொட்டிலின் அடித்தட்டு கெட்டியாக இருப்பதைப் பார்த்து, பிள்ளைக்கு முதுகு வலிக்குமே என்ற நல்லெண்ணத்தில் அதன் மேல் இன்னொரு மெத்தையையோ மடித்த கம்பளியையோ விரித்துத் தரும் விடுதிகள் உண்டு. அந்தக் கூடுதல் மெத்தைக்கும் வலைச்சுவருக்கும் இடையே விழும் இடைவெளியில் குழந்தையின் முகம் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதை எடுத்துவிட வேண்டும். தொட்டில் வந்து சேர்ந்ததும் நான்கு பக்கமும் பூட்டிக்கொண்டதா என்று கையால் அழுத்திப் பார்ப்பேன். ஒரு முறை ஒரு பக்கக் கீல் விழாமலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். கையை வைத்ததும் அந்தப் பக்கம் மடங்கி உள்ளே சாய்ந்தது. கொண்டுவந்த இளைஞருக்கே அதை எப்படி விரிப்பது என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவரும் நானும் சேர்ந்து, முதலில் பக்கங்களை மேலே இழுத்துப் பூட்டி, பிறகு நடுத்தட்டைக் கீழே அழுத்தி அதைச் சரி செய்தோம். பெரும்பாலான மடக்குத் தொட்டில்களுக்கு அந்த வரிசைதான். நடுத்தட்டை முதலில் அழுத்திவிட்டால் பக்கங்கள் பூட்டாது.

இரண்டு வயதுக்குப் பிறகு தொட்டிலின் தேவை குறைந்து, கட்டிலிலிருந்து உருண்டு விழும் கவலை தொடங்குகிறது. கட்டிலோரம் செருகும் தடுப்புக் கம்பிகளைச் சில விடுதிகள் தருகின்றன. அவை தானாகக் கட்டிலில் ஏறி இறங்கத் தெரிந்த, இரண்டு வயது கடந்த பிள்ளைகளுக்கானவை. அதற்குக் கீழே உள்ளவர்கள் மெத்தைக்கும் தடுப்புக்கும் இடையில் நழுவிச் சிக்கிக்கொள்ளக்கூடும். எங்களுக்கு நன்றாக உதவியது, தாழ்வான கட்டில் உள்ள அறையைக் கேட்பதுதான். அது கிடைக்காத இடங்களில் கூடுதல் மெத்தையைத் தரையில் விரித்து அவளைப் படுக்க வைத்துவிடுவோம். கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டால் போதும் என்று பலரும் சொல்வார்கள். விடுதிக் கட்டில்களின் தலைப்பலகை சுவரில் பதிந்திருப்பதால் அவற்றைத் தள்ள முடிவதில்லை, தள்ள முடிந்தாலும் சுவருக்கும் மெத்தைக்கும் இடையே ஒரு பிளவு மிஞ்சி நிற்கும்.

தூக்கத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். மூன்று முதல் ஐந்து வயது வரை 10 முதல் 13 மணி நேரம். அப்படியானால் பயண நாளின் பாதிப் பொழுது, நாம் எங்கே சுற்றினாலும், பிள்ளை தூங்கும் அறையைச் சுற்றித்தான் கழியும். இதை நாங்கள் உணர்ந்தது அவளுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது. ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு நாற்காலி. இரவு எட்டு மணிக்கு அவள் தூங்கினாள். விளக்கைப் போட்டால் விழித்துக்கொள்வாள், பேசினால் விழித்துக்கொள்வாள், கதவைத் திறந்து வெளியே போகவும் முடியாது. நாங்கள் இருவரும் குளியலறைக் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, மூடிய கழிப்பிடத்தின் மேல் ஒருவரும் தரையில் விரித்த துண்டின் மேல் ஒருவருமாக உட்கார்ந்து இரவு உணவை உண்டோம். மூன்று இரவுகள் அப்படிப் போயின. நான்காம் நாள் நாங்கள் இருவருமே சிடுசிடுப்பாக இருந்தோம். ஓய்வுக்காகப் போன பயணத்தில் எங்களுக்கு உட்கார ஓர் இடம் இல்லாமல் போயிருந்தது.

அதிலிருந்து அறை வகையைத் தெரிவு செய்யும்போது, பிள்ளை தூங்கிய பிறகு நாங்கள் எங்கே இருப்போம் என்ற கேள்வியைத்தான் முதலில் வைத்துக்கொள்கிறேன். படுக்கைக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் மூடக்கூடிய கதவு உள்ள அறை என்றால் மிகவும் நல்லது. அது கட்டுப்படியாகாவிட்டால், அறை ஆங்கில எழுத்தான ‘எல்’ வடிவத்தில் வளைந்திருக்கிறதா, தொட்டிலை ஒதுக்கி வைக்க ஒரு மூலை இருக்கிறதா, இடையில் இழுத்துவிடத் திரைச்சீலை உண்டா என்று கேட்கிறேன். விளம்பரங்களில் ‘சூட்’ என்று போட்டிருந்தாலே இரண்டு அறைகள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பல இடங்களில் அது ஒரே நீண்ட அறையின் ஓரத்தில் ஒரு சோபாவைப் போட்டு வைத்த பெயர்தான். ‘இடையில் சுவரும் கதவும் இருக்கின்றனவா’ என்று அப்படியே கேட்டுவிடுவது நல்லது. பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருக்கும் குடும்பங்கள் இரண்டு அறை எடுக்கும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. அடுத்தடுத்த அறை என்பது வேறு, உள்கதவால் இணைந்த அறை என்பது வேறு. அடுத்தடுத்த அறை தருகிறோம் என்று சொல்லிவிட்டால் ஒரு சுவர் நடுவில் நிற்கும். நள்ளிரவில் பிள்ளை அழுதால் நடைகூடத்துக்கு வந்துதான் போக வேண்டும். உள்கதவு வேண்டுமென்றால் அந்தச் சொல்லையே சொல்லிக் கேட்டு, உறுதியை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சத்தமும் தூக்கத்தோடு சேர்ந்த விஷயம். படுக்கையறையில் இரவுநேரத் தொடர் இரைச்சல் 30 டெசிபலைத் தாண்டாமலிருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 1999-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. கிசுகிசுப்பாகப் பேசும் அளவு அது. விடுதியில் அதைத் தாண்ட வைப்பவை லிஃப்ட், பணியாளர்கள் துணிவண்டி தள்ளிக்கொண்டு போகும் கதவு, ஜெனரேட்டர், விருந்து மண்டபம் ஆகியவை. லிஃப்டிலிருந்து தள்ளி, நடைகூடத்தின் கடைசிக்குப் போகாமல், மண்டபத்துக்கு நேர் மேலே இல்லாமல் ஓர் அறை என்று கேட்டால் பெரும்பாலும் தருகிறார்கள். அந்த நாள்களில் அங்கே திருமண வரவேற்போ வேறு பெரிய நிகழ்ச்சியோ இருக்கிறதா என்று கேட்டுவிடுவதும் நல்லது. ஜன்னல் திரை முழுதும் இருட்டாக்குமா என்று கேட்பதை நான் விட்டுவிடுவதில்லை. பகல் தூக்கம் ஒரு நாள் கெட்டால் அன்றைய மாலை முழுவதும் கெடுகிறது.

அடுத்தது குளியலறை. இதைப் பற்றி என்னால் சுருக்கமாகச் சொல்ல முடியவில்லை. அவளுக்கு இரண்டே கால் வயது. கை கழுவ வேண்டும் என்று தானே முக்காலியில் ஏறி நின்று, ஒற்றைக் கைப்பிடிக் குழாயை மேலே தூக்கினாள். கைப்பிடி முழுதும் வெந்நீர்ப் பக்கம் திரும்பியிருந்தது. வீட்டில் நாங்கள் அந்தக் கைப்பிடியை எப்போதும் நடுவில் விட்டுவைப்போம். ஆகவே தூக்கினால் மிதமான தண்ணீர் வரும் என்பதுதான் அவள் அறிந்தது. முதல் சில நொடிகள் குழாயில் தங்கியிருந்த பச்சைத் தண்ணீர் வந்தது. அவள் இரண்டு கைகளையும் நீட்டி விளையாடத் தொடங்கினாள். பின்னால் நின்றிருந்த என் கண்ணில் கண்ணாடியின் அடிப்பகுதி ஆவியால் மங்குவது பட்டது. நான் அவளைப் பின்னுக்கு இழுத்த அதே நேரத்தில் அவள் வீரிட்டாள். இரண்டு விரல் நுனிகள் சிவந்தன. குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிட்டு அதன் கீழ் கையைப் பிடித்திருந்ததில் கொப்புளம் வரவில்லை. இன்னும் ஒரு நொடி தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய கட்டடங்களில் வெந்நீரைச் சேமிப்புத் தொட்டியில் 60 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் பெருகி நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவை அந்தச் சூடுதான் அழிக்கிறது. ஆனால் அதே சூட்டோடு குழாய்க்கு வந்துவிட்டால், 60 டிகிரி நீர் பெரியவர்களின் தோலையே ஏறத்தாழ ஐந்து நொடியில் ஆழமாகப் புண்ணாக்கிவிடும். குழந்தையின் தோல் மெல்லியது, அதற்கு அவ்வளவு நேரமும் வேண்டாம். குழாய்க்கு வரும் நீர் 49 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் அதே காயம் ஏற்படச் சில நிமிடங்கள் ஆகும், அதற்குள் கையை எடுத்துவிடலாம். குழாய் அருகிலேயே வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கலவை வால்வு பொருத்தியிருக்கிறார்களா என்று விடுதியிடம் கேட்கலாம். பல இடங்களில் அந்தக் கேள்வி பராமரிப்புப் பிரிவு வரை போய்த் திரும்பும், ஆனால் பதில் வரும். பதில் எதுவாக இருந்தாலும், அறைக்குள் போனதும் நான் முதலில் செய்வது எல்லா வெந்நீர்க் குழாய்களையும் ஒரு நிமிடம் முழுதாக ஓடவிட்டுப் பார்ப்பதுதான். பிறகு கைப்பிடிகளைக் குளிர்நீர்ப் பக்கமாகத் திருப்பி வைக்கிறேன். ஷவர் மட்டும் உள்ள குளியலறையா, தொட்டி உள்ளதா என்பதும் வயதைப் பொறுத்தது. ஷவரின் கீழ் நிற்க அஞ்சும் பிள்ளைக்கு ஒரு வாளியும் குவளையும் கிடைக்குமா என்று கேட்டால் போதும். குளியலறைக் கதவின் உள்தாழ்ப்பாளை வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்க முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்வது பிள்ளைகளுக்கு விளையாட்டு.

பால்கனி உள்ள அறைக்குக் கூடுதலாகப் பணம் கேட்பார்கள். நடக்கத் தொடங்கியதிலிருந்து ஐந்து வயது வரை நான் அதை வேண்டாம் என்றே சொல்லிவந்தேன். கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையே 10 சென்டிமீட்டர் உருண்டை ஒன்று நுழையக் கூடாது என்பது பல நாடுகளின் கட்டட விதி. குழந்தையின் உடல் நுழையாமலிருக்க வகுத்த அளவு அது. பழைய கட்டடங்கள் அந்த விதிக்கு முன்பே எழுந்தவை. இடைவெளி சரியாக இருந்தாலும், கம்பிகள் செங்குத்தாக இல்லாமல் படுக்கைவசமாக இருந்தால் அவை பிள்ளைக்கு ஏணி. எல்லாம் சரியாக இருந்தாலும், பால்கனியில் போட்டிருக்கும் நாற்காலியும் சிறு மேசையும் கைப்பிடியின் உயரத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். பால்கனி அறைதான் கிடைத்தது என்றால், மேசை நாற்காலிகளை அறைக்குள் கொண்டுவந்துவிட்டு, கதவின் மேல் தாழ்ப்பாளைப் போட்டுவிடுவோம். திறக்கும் ஜன்னலுக்கும் இதே கவனம் வேண்டும். அது 10 சென்டிமீட்டருக்கு மேல் திறக்காதபடி தடுப்பு இருக்கிறதா என்று பார்ப்பதோடு, அதன் அடியில் கட்டிலோ சோபாவோ கிடந்தால் நகர்த்திவிட வேண்டும்.

நீச்சல் குளத்தைப் பிள்ளைகளுக்கான வசதி என்று எல்லா விளம்பரங்களும் சொல்கின்றன. எங்கள் மகளும் தண்ணீர் என்றால் உயிரை விடுவாள். ஆனாலும் கதவைத் திறந்தால் குளத்தில் இறங்கலாம் என்று பெருமையாகப் போட்டிருக்கும் தரைத்தள அறைகளை நான் ஒருபோதும் எடுப்பதில்லை. உலக அளவில் நீரில் மூழ்கி இறப்போரின் விகிதம் மிக அதிகமாக இருப்பது 1 முதல் 4 வயதுக் குழந்தைகளிடம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூழ்கும் குழந்தை கத்துவதில்லை, கையை அடிப்பதில்லை. சத்தமே இல்லாமல் போய்விடும். ஆகவே குளத்தைச் சுற்றி நான்கு பக்கமும் குறைந்தது 1.2 மீட்டர் உயர வேலி இருக்கிறதா, அதன் கதவு தானாக மூடித் தானாகத் தாழிட்டுக்கொள்கிறதா, குழந்தைகளுக்கான ஆழமில்லாத குளம் பெரிய குளத்தோடு ஒட்டியிருக்கிறதா தனியாக இருக்கிறதா என்று கேட்கிறேன். குளத்தருகே உயிர்காப்பாளர் இருப்பார் என்று சொன்னாலும் எந்த நேரத்தில் இருப்பார் என்று கேட்க வேண்டும். அவர் இருந்தாலும் எங்களில் ஒருவர் கை எட்டும் தூரத்தில் தண்ணீரில் நிற்போம்.

அறைக்குள் இருக்கும் சிறு பொருள்களில் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். விளக்குக்கோ குளிர்சாதனத்துக்கோ சில அறைகளில் மெலிந்த சிறு ரிமோட் வைத்திருப்பார்கள். அதற்குள் இருப்பது நாணயம் போன்ற பட்டன் பேட்டரி. 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் நின்றுவிட்டால், அங்குள்ள ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து கடுங்காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடும். ஆகவே ரிமோட்டின் பின்மூடி திருகாணியால் முடுக்கியிருக்கிறதா என்று பார்த்து, ஆடினால் அலமாரியின் மேல்தட்டுக்கு அனுப்பிவிடுவேன். தண்ணீர் காய்ச்சும் கெட்டிலும் அதன் தொங்கும் வயரும், ஜன்னல் மறைப்பின் கண்ணி விழுந்த கயிறும் அதே மேல்தட்டுக்கு, அல்லது எட்டாத உயரத்துக்குப் போக வேண்டியவை. இவற்றைக் கண்டுபிடிக்க எளிய வழி, அறைக்குள் போனதும் தரையில் மண்டியிட்டு அவள் உயரத்தில் ஒரு சுற்று வருவது. நின்று பார்க்கும்போது தெரியாத மேசையின் கூர்முனையும், கட்டிலுக்குப் பின்னால் பிளந்து கிடக்கும் பிளக் பாயிண்டும், முன்பு தங்கியவர் விட்டுப்போன மாத்திரையும் அப்போது கண்ணில் படும். மாத்திரை என்று சும்மா சொல்லவில்லை; நல்ல விடுதி ஒன்றில், நன்றாகப் பெருக்கித் துடைத்த அறையில், கட்டில் காலுக்குப் பின்னால் நான் எடுத்தேன். அந்தச் சுற்றிலேயே மெத்தையின் தையல் ஓரத்தை உயர்த்தி, மூட்டைப்பூச்சியின் கரும்புள்ளிகள் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுகிறேன். பத்து நிமிடம் ஆகும். அது முடியும் வரை கணவர் அவளை நடைகூடத்தில் வைத்துக்கொண்டிருப்பார். பெட்டிகளும் வெளியேதான் நிற்கும், ஏனென்றால் பிரித்துப் போட்ட பிறகு வேறு அறை கேட்க யாருக்கும் மனம் வராது.

பால் கொண்டுபோகும் தாய்மாருக்கு ஒரு செய்தி. பீய்ச்சி எடுத்த தாய்ப்பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரமும், 4 டிகிரிக்கு மேல் போகாத குளிர்பெட்டியில் நான்கு நாள்களும் இருக்கும். விடுதி அறையின் சிறு குளிர்பெட்டிகள் பலவும் பானங்களைக் குளிர்விப்பதற்காக வைத்தவை; 4 டிகிரி வரை அவை இறங்குவதில்லை. அதோடு, சாவி அட்டையைச் சுவர்ப்பொறியிலிருந்து எடுத்ததும் அறையின் மின்சாரம் நின்றுவிடும் இடங்களில் குளிர்பெட்டியும் சேர்ந்து நின்றுபோகும். நாங்கள் காலையில் பாட்டில்களை வைத்துவிட்டு வெளியே போய் மாலை திரும்பியபோது, உள்ளிருந்த பனிக்கட்டிப் பை தண்ணீராகித் தட்டில் தேங்கியிருந்தது. இரண்டு நாள் சேர்த்த பால் முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று. அட்டையை எடுத்த பிறகும் எந்த இணைப்பு ஓடும் என்று வரவேற்பில் கேட்டுவைப்பது, அல்லது பெயரெழுதிய பெட்டியில் போட்டு அவர்களுடைய சமையலறைக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்வது நல்லது. கேட்டால் மறுத்தவர்களை நான் இதுவரை பார்க்கவில்லை.

எந்தத் தளம் என்பதில் என் விருப்பம் இரண்டாவது அல்லது மூன்றாவது. தரைத்தளத்தில் கதவு திறந்தால் பிள்ளை வெளியே வந்துவிடும். மிக உயரத்தில் தீ விபத்து என்றால் லிஃப்டைப் பயன்படுத்தாமல் பிள்ளையைச் சுமந்துகொண்டு இறங்க வேண்டும். அறைக்கும் அவசரப் படிக்கட்டுக்கும் நடுவில் எத்தனை கதவுகள் என்று எண்ணிக்கொள்வேன். புகையில் கண் தெரியாவிட்டாலும் சுவரைத் தடவிக்கொண்டு போகலாம். புகைபிடிக்க அனுமதியுள்ள அறை காலியாக இருக்கிறது, நன்றாகச் சுத்தம் செய்து தருகிறோம் என்றால் ஏற்க வேண்டாம். புகையின் நச்சுப்படிவு திரையிலும் கம்பளத்திலும் பல வாரங்கள் தங்கும். தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் பிள்ளைக்குத்தான் அது முதலில் போய்ச் சேரும்.

முன்பதிவின்போது பிள்ளையின் எண்ணிக்கையையும் வயதையும் மறைக்காமல் கொடுங்கள். சிறு பிள்ளைதானே என்று விட்டுவிட்டால், போய்ச் சேர்ந்த பிறகு அறையின் ஆள் வரம்பு தாண்டிவிட்டது என்று பெரிய அறைக்குப் பணம் கேட்பார்கள். அப்போது பேரம் பேச நமக்கு இடமிருக்காது. ‘குழந்தைகளுக்கு இலவசம்’ என்ற வரியிலும் எந்த வயது வரை, தனிப் படுக்கையோடா இருக்கும் படுக்கையிலேயா, காலை உணவும் சேர்த்தா என்ற மூன்றையும் கேட்க வேண்டும். அறைக்குள் போகும் நேரமும் முக்கியம். பெரும்பாலான விடுதிகள் பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்கே அறை தருகின்றன; அது சரியாகப் பிள்ளையின் பகல் தூக்க நேரம். முன்னதாகத் தர முடியுமா என்று ஒரு வாரம் முன்பே கேட்டு, பேசியது அனைத்தையும் நான்கைந்து வரிகளில் மின்னஞ்சலாக எழுதி, ‘இவற்றை உறுதி செய்யுங்கள்’ என்று முடித்து அனுப்புகிறேன். வரும் பதிலை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்கிறேன். பிறர் எழுதிய கருத்துகளைப் படிக்கும்போது மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. ‘குழந்தை’, ‘தொட்டில்’, ‘சத்தம்’, ‘வெந்நீர்’ என்ற சொற்களைத் தேடி அந்த வரிகளை மட்டும் படிக்கிறேன். விருந்தினர்கள் எடுத்த மங்கலான படங்களில்தான் பால்கனிக் கம்பியும் குளியலறைப் படியும் உள்ளபடி தெரியும்.

மகளுக்கு இப்போது ஏழு வயது முடிந்துவிட்டது. தொட்டிலும் பால் பாட்டிலும் போய்விட்டன. இப்போது நான் கேட்பது நடந்துபோகும் தூரத்தில் ஓடி விளையாட ஒரு திறந்தவெளி உண்டா, மழை பெய்தால் அவள் உட்கார்ந்து வரைய ஒரு மேசை உண்டா என்பதே. அறைக்கதவுகள் தானாக மூடிக்கொள்பவை, வெளியே போனால் பூட்டிக்கொண்டுவிடும் என்பதை அவளே தெரிந்துவைத்திருக்கிறாள். அறை எண்ணையும் விடுதியின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறாள். சென்ற மாதம் ஓர் அறைக்குள் நாங்கள் நுழைந்தபோது, நான் கைப்பையை வைப்பதற்குள் குளியலறையிலிருந்து அவள் குரல் கேட்டது: “அம்மா, இங்கே சிவப்புப் பக்கம் திறந்திருந்தது. நான் திருப்பி வச்சுட்டேன்.”